நிற்காத கப்பலிலிருந்து கடலை அளப்பது: ஃப்ரீமாண்டில் முதல் சுந்தா நீரிணை வரை

திங்கள், ஃப்ரீமாண்டில் துறைமுகம்

இந்தக் கப்பலில் ஆய்வகம் கிடையாது. பணியாளர் பட்டியலில் கடலியலாளர் எவரும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே கொள்கலன்களைச் சுமந்து போய் வருவதுதான் இதன் தொழில். அந்தப் போக்குவரத்தோடு ஒட்டிக்கொண்டு கடலை அளப்பதற்காக நான் இதில் ஏறியிருக்கிறேன்.

ஆராய்ச்சிக் கப்பலில் விஞ்ஞானி கேட்டால் கப்பல் நிற்கும். இது நிற்காது. 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டேயிருக்கும். அளப்பவர்தான் வளைந்துகொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, எந்த ஆராய்ச்சிக் கப்பலாலும் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. அதே பாதையில், ஆண்டு முழுவதும், மழையானாலும் வெயிலானாலும் மறுபடி மறுபடி அளக்கலாம். ஃப்ரீமாண்டிலுக்கும், ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு நடுவிலுள்ள சுந்தா நீரிணைக்கும் இடைப்பட்ட இந்தப் பாதையைக் கடலியலாளர்கள் ஐஎக்ஸ்1 என்று குறிப்பிடுகிறார்கள். 1983 முதல் சரக்குக் கப்பல்கள் இதில் கடலின் வெப்பநிலையை அளந்து வருகின்றன. பசிபிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே நொடிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கன மீட்டர் அளவில் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து சேர்கிறது. அந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது எங்கள் பாதை.

ஏற்பாடு புதியதல்ல. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபான்டெய்ன் மோரி, கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, எந்தக் கடலில் எந்த மாதம் காற்றும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்று காட்டும் வரைபடங்களை 1847 முதல் வெளியிட்டார். தன் பதிவுகளை அனுப்பிவைக்கும் கேப்டனுக்கு வரைபடம் இலவசம். 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் கூடி, கப்பல்கள் ஒரே மாதிரியான படிவத்தில் வானிலையைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தன. இன்றும் நடப்பது அதே கொடுக்கல் வாங்கல்தான். கப்பல் தன் வானிலையைச் சொல்கிறது, வானிலை மையம் கப்பலுக்கு முன்னறிவிப்பைச் சொல்கிறது.

பகலெல்லாம் கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் இருந்தேன். அங்குள்ள காற்றழுத்தமானியை, நான் கொண்டுவந்த சரிபார்த்த மானியோடு ஒப்பிடும் வேலை. செயற்கைக்கோள்கள் கடல்மட்டக் காற்றழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. அதற்குக் கப்பல்களையும் மிதவைகளையும்தான் நம்ப வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 8 மீட்டர் மேலே போனால் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். பிரிட்ஜோ பல மாடி உயரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்குச் சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழ்கிறது, உயரமும் மாறுகிறது. எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று இரண்டாம் அதிகாரியிடம் கேட்டபோது, அவர் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். எனக்கு முன்னால் வந்தவர்களும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

மாலையில் கயிறுகள் அவிழ்ந்தன.

செவ்வாய், தெற்கு அட்சரேகை 29

இது ஆகஸ்டு, தெற்கே குளிர்காலம். தென்மேற்கில் வெகு தொலைவில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் இடப்பக்கத்திலிருந்து உருண்டு வந்து கப்பலைத் தூக்கித் தூக்கி இறக்குகின்றன. இரவு முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பின்தளத்துக்குப் போகிறேன். பிரிட்ஜின் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. தலைக்கவசம், உயிர்காப்புச் சட்டை, இடுப்பில் பாதுகாப்பு வார், கையில் வாக்கி டாக்கி, கூடவே ஒருவர் என்பது கேப்டன் போட்ட விதி. கூட வருபவர் ஒரு கேடட், அதாவது பயிற்சி அதிகாரி; தமிழ்ப் பையன். ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து வருகிறார்.

கடலுக்குள் விழுந்துகொண்டே வெப்பநிலையை அளக்க நாங்கள் ஏவும் கருவியின் பெயர் எக்ஸ்.பி.டி. கைக்கு அடங்கும் குப்பி. அதற்குள் துத்தநாக மூக்கு வைத்த ஒரு சிறு குண்டு. மூக்கின் நுனியில் வெப்ப உணரி. குப்பியை ஏவியில் பொருத்திக் கைப்பிடியைத் திருகினால் கணினித் திரையில் பச்சை விளக்கு வரும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, காற்று மறைவான பக்கத்துக்குப் போய், ஊசியை இழுத்ததும் குண்டு நழுவிக் கடலில் விழுகிறது. உப்புநீர் பட்டவுடன் பதிவு தொடங்கிவிடும்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அந்தச் செம்புக் கம்பி. மயிரிழை கனம்தான். அது இரண்டு சுருள்களாக இருக்கிறது, ஒன்று விழும் குண்டுக்குள், மற்றொன்று கப்பலில் நான் பிடித்திருக்கும் குப்பிக்குள். குண்டு கீழே போகப் போக அதன் சுருள் அவிழ்கிறது. கப்பல் முன்னே போகப் போகக் குப்பியின் சுருள் அவிழ்கிறது. இடையில் நீரில் கிடக்கும் கம்பி அசையாமல் கிடக்கிறது. யாரும் அதை இழுப்பதில்லை. அதனால்தான் இந்த வேகத்தில் ஓடும் கப்பலிலிருந்து இவ்வளவு மெல்லிய கம்பி அறாமல் 760 மீட்டர் ஆழத்தின் வெப்பநிலையை மேலே கொண்டுவருகிறது. அந்த ஆழத்தைத் தொட ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கப்பல் ஒரு கிலோமீட்டர் போய்விடும். பிறகு கம்பி தீர்ந்து அறுகிறது.

காற்று கம்பியைக் கப்பலின் உடம்பில் உரசவைத்தால் திரையில் கூர்முனை ஒன்று தோன்றும். அதிகாலை ஏவியதில் அப்படி வந்தது. அடுத்ததை உடனே ஏவினேன்.

கேடட் கேட்டார்: "அக்கா, ஆழத்தை அளக்கும் உணரி எங்கே இருக்கிறது?"

சரியான கேள்வி. அப்படி ஒன்று இதில் கிடையாது. விழத் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பதை வைத்துத்தான் ஆழம் கணக்கிடப்படுகிறது. விழும் வேகத்தைச் சற்றே தவறாக எடுத்துக்கொண்டால் கடல் முழுவதும் உண்மையைவிடச் சூடாகவோ குளிராகவோ தெரியும். நடந்ததும் அதுதான். 1970களில் உலகக் கடல்களின் வெப்பம் எழும்பி அடங்கியதைப்போல் பழைய கணக்குகளில் ஒரு மேடு தெரிந்தது. 2007இல் தொடங்கிய ஆய்வுகள், அதில் பெரும்பகுதி இந்தக் கருவியின் பிழையால் வந்தது என்று காட்டின. பிழையைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்த வகைக் குப்பி, எந்த ஆண்டு தயாரித்தது என்று கப்பல்களில் யாரோ எழுதி வைத்திருந்ததுதான். எழுதாமல் விட்ட இடங்களில் இன்றும் ஊகம்தான் மிச்சம். அதனால் நான் ஒவ்வொரு குப்பியின் வரிசை எண்ணையும் தயாரித்த தேதியையும் எழுதுகிறேன். கேடட் உரக்கப் படிக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு ஏவலிலும் துத்தநாகமும் பிளாஸ்டிக்கும் செம்பும் கடலடிக்குப் போகின்றன. திரும்ப எடுக்க வழியில்லை. ஒரு கடல்வழியின் நாற்பதாண்டு வெப்ப வரலாறு அதற்கு ஈடாகும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் கடலில் கரைந்து போகும் பொருளால் இதைச் செய்ய முயல வேண்டும் என்று துறைக்குள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பவர்களில் நானும் ஒருத்தி.

புதன், மகர ரேகைக்கு அருகே

எஞ்சின் அறை. காதுக் கவசம் இல்லாமல் நிற்க முடியாத இரைச்சல். வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரும் பெரிய குழாயிலிருந்து ஒரு சிறு கிளை எடுத்து, அதில் எங்கள் கருவிகளைப் பொருத்தியிருக்கிறோம். முதலில் நீரின் வெப்பநிலையும் உப்பும் அளக்கப்படுகின்றன. அடுத்து அந்த நீர் ஒரு மூடிய கலத்துக்குள் பூத்தூறலாகக் கொட்டுகிறது. கலத்திலுள்ள காற்றும் நீரும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டும் கொடுத்தும் சமநிலைக்கு வந்ததும், அந்தக் காற்றை அகச்சிவப்புக் கதிர் கொண்டு அளக்கிறோம். முன்பக்கத்திலிருந்து தனிக் குழாயில் வரும் வெளிக்காற்றையும் அதே கருவி அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் எங்களுக்கு வேண்டியது. கடல் இங்கே கார்பனை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்பதை அது சொல்லிவிடும். மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது என்று நமக்குத் தெரிவதில் இப்படிப்பட்ட எஞ்சின் அறைகளுக்குப் பெரும் பங்குண்டு. உலகெங்கும் எடுத்த அளவுகளைச் சேர்த்துச் சரிபார்க்கும் சோகாட் என்ற தொகுப்பு 2011 முதல் வெளிவருகிறது.

நேற்றைய ஆட்டத்தில் குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் புகுந்துவிட்டன. உப்பின் அளவு தாறுமாறாகத் துள்ளியிருந்தது. அந்த மணிநேரங்களைக் குறித்து வைத்து ஒதுக்கினேன். வடிகட்டியைத் திறந்து கழுவ வேண்டும் என்றதும் தலைமைப் பொறியாளர் தானே வந்து வால்வை மூடினார். கருவியில் எங்கு கை வைத்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். அது அவர் குழாய், அவர் எஞ்சின். இந்தத் துறையில் எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும் இந்த ஒரு மனிதரின் மனம் கோணினால் தரவு நின்றுவிடும்.

இதே இடத்தைப் பற்றிய ஒரு பழைய சிக்கலைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கித்தான் வாளியைக் கடலில் விட்டு நீர் மொண்டு, அதில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார்கள். மேலே இழுப்பதற்குள் ஈரம் ஆவியாகி நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். எஞ்சின் அறைக் குழாயில் பார்த்தால் அறையின் சூட்டால் சற்று அதிகம் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல்களின் அளவுகளே பெரும்பாலும் உலகக் கடல் வெப்பநிலைத் தொகுப்பில் சேர்ந்தன. அவை குழாயில் எடுத்தவை. போர் முடிந்ததும் வாளியில் அளக்கும் பிரிட்டன் கப்பல்களின் பங்கு திரும்பவும் கூடியது. 1945இல் உலகக் கடல்கள் திடீரென்று ஏறத்தாழ 0.3 டிகிரி குளிர்ந்ததைப் போலப் பதிவேடு காட்டியது. இறங்கியது கடலல்ல, அளந்த கை மாறியிருக்கிறது என்பதை 2008இல்தான் ஓர் ஆய்வு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. உணரி எந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று இன்று நான் வரைந்து வைக்கும் படம் யாருக்கு, எப்போது தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. அதனாலேயே அதை ஒழுங்காக வரைகிறேன்.

வியாழன், தெற்கு அட்சரேகை 17

பிற்பகல் 2 மணி. உலகப் பொது நேரத்தில் காலை 6. கப்பல்கள் வானிலை அனுப்பும் நேரங்கள் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணி. இந்தத் தீர்க்கரேகையில் அவற்றில் இரண்டு இரண்டாம் அதிகாரியின் பணிநேரத்தில் விழுகின்றன, பிற்பகல் 2, பின்னிரவு 2. இன்று அவர் பதிவெடுப்பதை அருகிலிருந்து பார்த்தேன்.

காற்றுமானி ஏறக்குறையப் பூஜ்யம் காட்டியது. தளத்தில் நின்றால் முகத்தில் காற்றே படவில்லை. அவர் அந்த எண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் சன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்தார். எங்கும் வெள்ளை நுரை, நடுத்தர அலைகள், நீண்டு வளரும் முகடுகள். "பியூஃபோர்ட் 5" என்றார்; கடலின் தோற்றத்தை வைத்துக் காற்றின் வலிமையைச் சொல்லும் அளவுகோல் அது. வியாபாரக் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது, நாங்கள் வடவடமேற்கே போகிறோம். காற்றும் கப்பலும் ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே வேகத்தில். கப்பலின் வேகத்தையும் திசையையும் கழித்துப் பார்த்தால் மானியின் பூஜ்யம் 17 நாட் ஆயிற்று. அவர் கண்ணும் கணக்கும் ஒத்துப்போயின. மேகத்தின் வகை, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், அலையின் உயரம், நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று மளமளவென்று கணினியில் பதித்து அனுப்பினார். பின்னிரவு 2 மணிக்கு, நிலவும் இல்லாத இருட்டில் இதே அலைகளை மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கென்று அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

எங்களுக்கு இந்தப் பின்காற்று பெரிய தொல்லை. புகைபோக்கியின் புகை பின்னால் போகாமல் கப்பலின் தலைக்கு மேலேயே தொங்குகிறது. முன்பக்கக் குழாய் கடற்காற்றை உறிஞ்சுகிறதா, எங்கள் புகையையே உறிஞ்சுகிறதா என்று திரையைப் பார்த்தாலே தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடின் கோடு பல்லுப்பல்லாக எழும்பியது. பகல் முழுவதும் எடுத்த காற்று அளவுகளில் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டியதாயிற்று. கப்பல் வெறும் பார்வையாளர் அல்ல என்பதை மறக்க முடியாது. இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் கப்பல்கள் நெருக்கமாகப் போகும் தடங்களின் மேலே மின்னல் ஏறத்தாழ இரட்டிப்பாக இருப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புகையின் நுண்துகள்கள் மேகத்துக்குள் போய்ச் செய்யும் வேலை. 2020 ஜனவரியில் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். அந்த மாற்றத்தை அளப்பதற்கும் கப்பல்கள் வேண்டும்.

இப்படி வானிலையைப் பதிந்து அனுப்பும் தன்னார்வக் கப்பல்களின் எண்ணிக்கை 1980களின் நடுவில் 7,000க்கும் மேல் இருந்தது. அதன் பிறகு வெகுவாகச் சரிந்துவிட்டது. பணியாளர்கள் குறைந்தார்கள், துறைமுகத்தில் நிற்கும் நேரம் குறுகியது. கப்பல் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் கொள்ளையர்கள் வருவார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது; பல கப்பல்களின் அடையாளத்தை மறைத்தே தரவு பகிரப்படுகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அடையாளம் தெரியாவிட்டால் எந்தக் கப்பலின் மானி பிழை காட்டுகிறது என்று பிற்பாடு திருத்துபவருக்குத் தெரியாது.

மாலையில் கேடட், "கப்பலிலிருந்து உயிரினங்களையும் பிடிப்பார்களா?" என்று கேட்டார். பிடிக்கிறார்கள். ஆலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டன் விலங்கியலாளர் செய்த கருவியை 1931இல் முதன்முதலாக ஒரு வணிகக் கப்பல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து ஜெர்மனியின் பிரேமனுக்குக் கட்டி இழுத்துச் சென்றது. ஓடும் நீர் அதன் பின்னுள்ள சுழலியைச் சுற்ற, சுழலி ஒரு பட்டு நாடாவை மெல்ல நகர்த்தும்; நீரிலுள்ள மிதவையுயிர்கள் நாடாவில் படிந்து, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போய்ச் சேரும். பத்து கடல் மைலுக்கு ஒரு துண்டு. அந்தப் பட்டு நாடாக்களை வைத்துத்தான், வெதுநீர்க் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 10 அட்சரேகை வடக்கே நகர்ந்ததை 2002இல் எழுதினார்கள். பிறகு வேறொருவர் அதே பழைய நாடாக்களை எடுத்து, 1960களிலிருந்து நுண்பிளாஸ்டிக் எப்படிப் பெருகியது என்று 2004இல் காட்டினார். கருவியில் எது சிக்கியது என்று மாலுமிகள் எழுதிவைத்த குறிப்புகளில் 1957இலேயே மீன்பிடிக் கயிறு வருகிறது. எவரும் அப்போது பிளாஸ்டிக்கைத் தேடவில்லை. சிக்கியதை எழுத வேண்டும் என்பதால் எழுதினார்கள். கேடட் நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளி, தெற்கு அட்சரேகை 11

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்திருந்த நாள் இது. கிறிஸ்துமஸ் தீவின் அட்சரேகையை நெருங்கி, ஜாவா அகழியின் மேலே போகப்போகிறோம். அகழியின் மிக ஆழமான இடம் 7,000 மீட்டருக்கும் கீழே. எங்கள் குண்டு அதன் மேல்தோலை மட்டும்தான் தொடுகிறது. ஆனால் நாம் தேடும் செய்தி மேலேயே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஏவிய இடத்தில், மேலிருந்து 100 மீட்டருக்கும் கீழ்வரை கோடு நேராக நின்றது. குளிர்காலக் காற்று கடலைக் கலக்கி ஒரே வெப்பமாக்கி வைத்திருந்தது. இன்று மாலை ஏவியதில் கோடு சில பத்து மீட்டர் இறங்கியதும் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து விழுகிறது. மேலே வெதுநீர் ஒரு மெல்லிய போர்வையாக மட்டும் இருக்கிறது, அதன் அடியிலேயே குளிர்நீர். இந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று ஜாவாவின் கரையை ஒட்டி வீசி மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அடியிலுள்ள குளிர்நீர் ஏறி வருகிறது. சில ஆண்டுகளில் இது அளவு மீறும். கிழக்கே கடல் குளிர, மேற்கே ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகும். 1999இல் ஆய்வாளர்கள் இதற்கு இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று பெயரிட்டார்கள். 2019இல் அது கடுமையாக வந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம்; ஆஸ்திரேலியாவில் வறட்சியும் அதைத் தொடர்ந்து காட்டுத்தீயும். செயற்கைக்கோள் மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் பார்க்கும். குளிர்நீர் எத்தனை மீட்டர் கீழே காத்திருக்கிறது என்பதை இப்படி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். இன்றைய கோட்டை இதே இடத்தில் முந்தைய ஆண்டுகளின் ஆகஸ்டு கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன், நடுவில்தான் விழுகிறது.

காலையில் ஒரு மிதவையையும் விட்டோம். நீரில் கரையும் ஒட்டுத்தாள் சுற்றியது. கப்பலை நிறுத்தாமல் பின்தளத்திலிருந்து கேடட்டும் தளப் பணியாளர்களின் தலைவரான போசனும் தூக்கிப் போட்டார்கள். தாள் கரைந்ததும் 15 மீட்டர் ஆழத்தில் துணிக்குழல் விரிந்து நீரோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். போட்ட நேரத்தையும் இடத்தையும் போசன் தானாகவே தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்.

சனி, சுந்தா நீரிணை

விடியலில் கரைகள் இருபக்கமும் தெரிந்தன. ஏவுதலை நிறுத்தி, எஞ்சின் அறைக் கிளைக்குழாயின் வால்வை மூடினோம். ஆழம் குறைந்த கலங்கல் நீர் கருவிக்குள் போகக் கூடாது.

கிராகடோவா எரிமலை இங்கேதான் இருக்கிறது. 1883 ஆகஸ்டு 26, 27 தேதிகளில் அது வெடித்தபோது அருகில் இருந்த கப்பல்களின் கேப்டன்கள், சாம்பல் மழையில் விளக்கு வைத்துக்கொண்டு பதிவேட்டை எழுதினார்கள். எத்தனை மணிக்கு எந்த ஓசை, காற்றழுத்தமானி எவ்வளவு துள்ளியது, நுரைக்கல் எந்தத் திசையில் மிதந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட பெரிய அறிக்கைக்கு அந்தப் பதிவேடுகள் முக்கியச் சான்று. அவர்களில் எவரும் எரிமலையை ஆராயப் புறப்பட்டவர்கள் அல்லர். சரக்கு ஏற்றிப் போனவர்கள். இரண்டாம் அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே பிரிட்ஜின் காற்றழுத்தமானி எத்தனை நொடிக்கு ஒருமுறை பதிவாகிறது என்று கேட்டார். நிமிடத்துக்கு ஒருமுறை என்றேன். இன்னும் அடிக்கடி பதியும்படி மாற்றலாமா என்றார். மாற்றினோம்.

கேப்டன் ஒரு செய்தி சொன்னார். இந்தக் கப்பலின் வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறதாம். அதன் பிறகு இது வேறு கடலுக்குப் போகும். கப்பல் விற்கப்படுவதும் பாதை மாற்றப்படுவதும் நிறுவனங்களுக்கு அன்றாட வேலை. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு மட்டும் அது நாற்பது ஆண்டுத் தொடரில் விழக்கூடிய ஓட்டை. புதிய கப்பல்களைக் கட்டும்போதே கடல்நீர்க் குழாயில் ஒரு கிளையும், பின்தளத்தில் ஒரு தரவுக் கம்பியும் வைத்துவிட்டால் செலவு மிகச் சிறியது. ஓடத் தொடங்கிய பிறகு வைப்பதுதான் பாடு. கப்பல் கட்டுபவர்களிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பாதைக்கு அடுத்து வரவிருக்கும் கப்பலின் தலைமைப் பொறியாளருக்கு இன்று மதியமே கடிதம் அனுப்பினேன். எங்கள் தலைமைப் பொறியாளரும் அதில் தன் கைப்பட இரண்டு வரி சேர்த்தார். பதில் வந்துவிட்டது: குழாய் வரைபடங்களைத் தருகிறாராம், எஞ்சின் அறையில் கருவி வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கிறார். அளவுகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.